பத்து ரூபாய் போணி

எங்கள் வீட்டு டிவி முதல் வருஷத்திலேயே கண்ணை மூடிவிட்டது. அதன் தவணை மட்டும் உயிரோடு இருந்தது.

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஒரே அறையும் சமையல் மூலையும் உள்ள வீடு எங்களுடையது. அப்பா பீன்யாவில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த நாளில் தவணைக் கடையிலிருந்து அந்த டிவியை எடுத்து வந்தார். ஒரு தீபாவளி போனஸில் கடைசியாகப் பணம் கட்டினார். பொங்கலுக்குள் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். அதன் பிறகு அம்மா ஜாக்கெட் தைத்துத்தான் அடுப்பு எரிந்தது. டிவி மேல் ஒரு துணியை விரித்து ஊதுபத்தி ஸ்டாண்டு வைத்தோம்.

கடையிலிருந்து வசூலுக்கு வருகிறவர் மொபெட்டில் வருவார். சந்து முனையிலேயே சத்தம் கேட்கும். வண்டியுடைய சத்தமல்ல, அவருடையது.

"டிவி பாக்கத் தெரியுது, துட்டு கட்டத் தெரியாதா? கோர்ட்டுல கேஸ் போட்டா மொதல்ல அந்தத் தையல் மெஷினுதான் போகும், ஆமா!"

அப்பா பொதுக் கக்கூஸ் பக்கம் போய்விடுவார். அம்மா பெடலை நிறுத்தாமல், "வேல கெடச்சா கட்டுவாரு" என்பாள். நான் திரைக்குப் பின்னால் இருப்பேன். யார் வந்தாலும் நான் இருக்கும் இடம் அதுதான். மெஷினை யாராவது தூக்க வந்தால் அதன் காலைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

அப்படிப்பட்ட மனிதர், மூன்றாம் வருஷம் மழை ஓய்கிற சமயத்தில், சிரித்துக்கொண்டு வந்தார். மொபெட்டைச் சந்து முனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். "சென்னாகிதீரா அக்கா?" என்று கன்னடத்தில் நலம் விசாரித்தார். திரை பக்கம் பார்த்து, சின்னப் பெண்ணைச் செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரி, "புட்டி, இந்தா சாக்லெட்" என்றார். பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் போனதும் அம்மா சாக்லெட்டை வாங்கி டிவி மேல் வைத்தாள்.

"இத்தன நாளு கத்துனவன் இப்ப எதுக்குச் சிரிக்கிறான்?"

"மனுஷன் மாறக் கூடாதா?" என்றார் அப்பா.

"மாறட்டும். எதுக்குன்னு சொல்லிட்டு மாறட்டும்."

அன்றிலிருந்து எனக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. சாக்லெட்டில் ஏதாவது கலந்திருக்குமோ என்று எறும்பு மொய்க்கிறதா பார்த்தேன். மொய்த்தது. எறும்பு சாகிறதா என்று பார்த்தேன். சாகவில்லை. நம்பிக்கை வருவதற்குள் சாக்லெட் தீர்ந்துவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. அம்மாவின் மெஷினுக்கும் அப்பாவின் ஸ்பானர்களுக்கும் குங்குமம் வைத்தோம். செத்துப்போன டிவிக்கும் ஒரு பொட்டு. பொரியைத் தட்டில் கொட்டுகிற நேரத்தில் அவர் வாசலில் நின்றார். மொபெட்டில் வாழைக்கன்று கட்டியிருந்தது, நெற்றியில் குங்குமம்.

"அண்ணா, பாக்கி கேக்க வரல. நல்ல நாளு. ஒரு பத்து ரூபா போணி பண்ணுங்க, அது போதும். ரசீதுல ஒரு கையெழுத்து."

பூஜை நாளில் போணி கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது எங்கள் சந்தில் நாய்க்குக்கூடத் தெரியும். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மூன்று வருஷமாக ஒளிந்து திரிந்தவருக்குப் பத்து ரூபாயில் மரியாதை திரும்பக் கிடைக்கிறது. பேனாவுக்குக் கை நீட்டினார்.

அம்மா நடுவில் வந்தாள். தட்டில் வெற்றிலை, அதன்மேல் பொரி, பொரிமேல் ஒரு பத்து ரூபாய் நோட்டு.

"போணிதான தம்பி? எடுத்துக்குங்க. கணக்குல எழுத வேணாம். சாமி காசு."

"அதெப்படிக்கா? ரசீது போடணுமே."

"ஒங்களுக்குக் குடுக்குறதுக்கு எதுக்கு ரசீது?"

"அண்ணா ஒரே ஒரு கையெழுத்து..."

"தள்ளுவண்டிக்காரன் போணிக்குக் கையெழுத்தா கேக்குறான்?"

அவர் நோட்டைப் பார்த்தார். அப்பாவின் கையைப் பார்த்தார். பேனாவை மூடி சட்டைப்பையில் செருகிக்கொண்டார். ஒரு பிடி பொரியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பாத்தியா, மானஸ்தன்!" என்றார் அப்பா. "நல்ல நாளும் அதுவுமா அவமானப்படுத்திட்ட. பத்து ரூபாயத் தொடாமப் போறான் பாரு."

"அதத்தான் நானும் பாக்குறேன்" என்றாள் அம்மா.

அப்பா அன்று சாப்பிடவில்லை. நான் அப்பா கட்சி. வாசல் வாசலாக அலைகிற ஒருவர், கொடுத்த பணத்தை விட்டுவிட்டுப் போகிறார் என்றால் எவ்வளவு நல்லவராக இருக்க வேண்டும்!

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, என் வீட்டுக்காரரின் பழைய பாக்கி ஒன்றுக்காக ஒரு வக்கீலைப் பார்க்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. இப்படிப்பட்ட கடனுக்கு, கடைசியாகப் பணம் கட்டி மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டுமாம். அந்தக் கெடு தாண்டினால் வாயால் கேட்கலாம், கோர்ட்டுக்குப் போய் ஜெயிக்க முடியாது. கெடுவுக்குள் பத்து ரூபாய் கட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டாலோ, மூன்று வருஷமும் மறுபடி முதலிலிருந்து. அப்பா கடைசியாகக் கட்டியது தீபாவளிக்கு; அந்த ஆயுத பூஜைக்கும் மூன்று வருஷம் முடிகிற தீபாவளிக்கும் நடுவில் சில வாரங்கள்தான். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்படியா சேதி?" என்று கேட்டுக்கொண்டு கீரையை ஆய்ந்தாள்.

சாமி முன் வைத்த அந்தப் பத்து ரூபாயை வீட்டுச் செலவுக்கு எடுக்க அம்மாவுக்கு மனமில்லை. அந்த வருஷத் தீபாவளிக்கு எனக்குக் கம்பி மத்தாப்பு வாங்கித் தந்தாள். எல்லாவற்றையும் கொளுத்தாமல் ஒரு பெட்டியை எடுத்து வைத்தேன். பணம் அவருடையதுதானே, அவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கும். திரையைவிட்டு வெளியே வந்து நானே கையில் கொடுப்பதாகத் திட்டம்.

தீபாவளி கழிந்த வாரம் மொபெட் வந்தது. பெட்டியோடு தயாராக நின்றேன்.

"மூணு வருஷம் ஏமாத்திட்டு ஒக்காந்திருக்கீங்களா? வெக்கமில்ல?" சந்து முனையிலிருந்தே பழைய குரல். நாலு வீட்டுக் கதவு திறந்தது. அப்பா செருப்பைத் தேடினார்.

அம்மா பெடலை நிறுத்தினாள். பயந்துவிட்டாளோ என்று திரை இடுக்கில் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் ஒழுங்காப் பேசுறான்" என்றாள். மறுபடி மெஷின் ஓடத் தொடங்கியது.

அவ்வளவு நல்ல மனிதரை அம்மா இப்படிக் கெடுத்துவிட்டாளே என்று இருந்தது எனக்கு. மத்தாப்புப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, திரையைவிட்டு வெளியே வராமலே நின்றேன்.