கண்ணாடிக் கடைக்காரரின் பம்பர்

முழங்காலுக்கு அடியில் ஒரு பழைய தலையணை, கையில் மெல்லிய மஞ்சள் துணி. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வாசலில் மண்டியிட்டு, காரின் முன்பம்பரை ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார். வாரத்தில் ஒரே நாள்தான் கடைக்கு விடுமுறை. அந்த ஒரு நாளும் பம்பருக்குத்தான்.

முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு பாலிஷ், வட்ட வட்டமாக. அது காய்ந்ததும் மெழுகு. துணி தரையில் விழுந்துவிட்டால் அதோடு அதைத் தலைமுழுகிவிடுவார். "ஒரு மணல் போதும், கோடு விழுந்துடும்." கார் வாங்கி மூன்று வருடமாகியும் அது பெட்ரோல் பங்கையும் மாமியார் வீட்டையும் தாண்டிப் போனதில்லை. "இடி வாங்கத்தானே பம்பரே வச்சிருக்கான்?" என்று மனைவி கேட்டால், "அப்போ பெயின்ட் எதுக்கு அடிச்சிருக்கானாம்?" என்று மடக்குவார்.

கடையில் மனிதர் வேறு ஆள். "சும்மா சும்மா லென்ஸைத் தொடைக்காதீங்க சார், மேல இருக்கிற பூச்சு போயிடும்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார்.

மகள் லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம். புது வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறாள். தாமதத்துக்கு இரண்டு முறை எச்சரிக்கை வந்தாயிற்று; மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். சாவி கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "நீ நல்லாத்தான் ஓட்டுவ. மூலையில உரசிட்டேன்னா?" பாவம், கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது.

அன்று இடது மூலையைத் தேய்த்தபோது துணியில் சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. கார் சிவப்பு. வளைவில், கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது. யாரும் உரசவில்லை, மூன்று வருடமாக அவரே தேய்த்துக் கரைத்தது. கொஞ்சம் மெழுகை அப்பிப் பார்த்தார். கறுப்பு இன்னும் பளபளத்தது.

துணியை மடித்து வைத்துவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மாடி, நாளையிலேர்ந்து காரை நீயே எடுத்துட்டுப் போ. சாவி ஆணியிலதான் மாட்டியிருக்கு."

மகள் ஓடி வரவில்லை. நிதானமாக வந்து அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு செல்போனை எடுத்தாள்.

"சரிப்பா. எடுக்கிறதுக்கு முன்னாடி சுத்தி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கறேன். பின்னாடி பேச்சு வரக் கூடாதுல்ல?"

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று எழுந்தவர், வெயிலுக்கு ஒதுங்குகிறவர்போல் இரண்டடி நகர்ந்து, இடது மூலையை முழங்காலால் மறைத்தபடி நின்று, படத்துக்குச் சிரித்தார்.