குருவி போட்ட கொச்சிக்காய்

இன்று காலை மருமகள் கடையிலிருந்து கொச்சிக்காய் வாங்கி வந்தாள். அம்மியில் வைத்து நசுக்கினேன். அந்தக் குட்டி மிளகாயின் காரம் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது, தும்மலோடு வீராயி அக்காவும் நினைவுக்கு வந்துவிட்டார். இப்போதெல்லாம் இப்படித்தான், ஒன்றைத் தொட்டால் வேறெங்கோ போய் நிற்கிறேன். அதுவே பெரிய களைப்பு.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்து, இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் புல் பிடுங்கப் போய்க்கொண்டிருந்தேன். தேயிலைக்கு நடுவே நிழல் மரங்கள் நிற்கும். காட்டில் பழம் தின்ற குருவிகள் அவற்றில் உட்கார்ந்து எச்சம் போடும். மரத்தடியெல்லாம் குட்டிக் காடு முளைத்துக் கிடக்கும், நாவல், கொய்யா, பெயர் தெரியாத கன்றுகள் என்று. அத்தனையையும் பிடுங்கிவிட வேண்டும். கொச்சிக்காய்க் கன்றை மட்டும் பெண்கள் கண்டும் காணாமல் விடுவார்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கொல்லையில் பழுத்ததைக் கொண்டைக்குருவி தின்று போட்டது அது. அந்தக் காரத்தை எப்படித்தான் தின்னுமோ! யாருக்கு ஒதுக்கிய தேயிலை நிரையில் முளைத்ததோ அவருக்கே காய். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பல் ஆயிற்று.

எனக்குப் பக்கத்து நிரையில் வேலை செய்த வீராயி அக்காவுக்கு மூன்று கன்று. தன் ரொட்டியில் எனக்குப் பாதி பிய்த்துக் கொடுப்பவர் அவர். நானோ கூச்சக்காரி, நல்லதைக்கூட வாயால் சொல்ல வராது. ஒருநாள் யாரும் பார்க்காதபோது அந்தக் கன்றுகளைச் சுற்றி வட்டமாகக் கல் அடுக்கி, சாணமும் வைத்தேன். பெரிய வேலை செய்துவிட்டதாக நினைப்பு.

மறுநாள் கணக்கப்பிள்ளை எங்கள் வேலையை மேற்பார்க்க வந்தார். தேயிலைக்குள் ஆட்கள் எதையும் நடக்கூடாது என்பது தோட்டத்தை நடத்திய துரையின் சட்டம்.

"யாருடி இத நட்டது?"

"நான் நடலீங்க ஐயா. குருவி போட்டதுங்க" என்றார் வீராயி அக்கா.

"ஓகோ! கல்லையும் குருவிதான் பொறுக்கியாந்து அடுக்குச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். பயத்தில் நானும் சிரித்தேன்.

"நீயாச்சும் சொல்லு புள்ள. பக்கத்து நிரையிலதான நின்ன?" என்றார் அக்கா.

நான் குனிந்து புல்லைப் பிடுங்கினேன்.

அந்த வாரமே அவருக்குப் பற்றுச்சீட்டு கொடுத்துவிட்டார்கள். அது கைக்கு வந்தால் லயத்துக் காம்பராவைக் காலி செய்து தோட்டத்தை விட்டே போக வேண்டும். தலையில் மூட்டையோடு போனார். வட்டகொடைப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அப்புறம் ஒரு சேதியும் இல்லை.

அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. இப்போது அந்த நிழல் மரங்களை வெட்டிவிட்டார்கள். காட்டோரமும் தேயிலையாகிவிட்டது. கொண்டைக்குருவி வந்தாலும் உட்கார இடமில்லை. கணக்கப்பிள்ளை, துரை, அன்று சிரித்தவர்கள், எல்லோரும் போய்விட்டார்கள். கல்லை அடுக்கியது நான்தான் என்று இப்போது கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது. என்னைத் திட்ட வேண்டியவர்தான் ஒருவரும் மிச்சமில்லை.