இறங்குகிறவர்கள் முதலில்

காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். பங்காருபேட்டை நிலையத்தில் பெங்களூர் வண்டி இன்னும் முழுதாக நிற்கவில்லை. முதலில் கண்ணில் பட்டது ஒரு நீலக் கைக்குட்டை. வண்டியோடு கூடவே ஓடிய ஒருவர் அதை ஜன்னல் கம்பிகளுக்கு இடையே உள்ளே எறிந்தார். எறிந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, மூச்சு வாங்கி, பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டார். இனி அவர் அவசரப்பட வேண்டியதில்லை. இருக்கை அவருடையது.

இந்த வழக்கத்தை நான் ஐந்து வருடமாக வாரத்தில் ஆறு நாள் பார்த்து வந்தேன். தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்திலிருந்து சின்ன வண்டியில் பங்காருபேட்டை, அங்கிருந்து பெரிய வண்டியில் பெங்களூர், அங்கே ஒரு நாளிதழில் பிழைதிருத்தும் வேலை. பிழை பார்த்துச் சம்பாதிக்கிறவனுக்கு ரயிலிலும் கண் ஓயாது. எதிர் இருக்கையில் செருப்புக் காலை நீட்டுகிறவர்கள், வாசற்படியில் வழி மறித்து நிற்கிறவர்கள், கடலைத் தோலைப் பக்கத்து ஆளின் மடியில் ஊதுகிறவர்கள் எல்லோரையும் ஒரு சின்ன நோட்டில் நேரத்தோடு குறித்து வைத்திருந்தேன். யாரிடமும் காட்டியதில்லை. காட்ட வீட்டில் ஆளும் இல்லை. அம்மா போன பிறகு சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் அப்பாவும் நானும்தான். நாங்கள் பேசிக்கொள்வது சோறு, தண்ணீர், கதவு ஆகியவை பற்றி மட்டும்.

அன்று அப்பா என்னோடு வந்தார். அறுபதுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம். பெங்களூரில் நர்ஸ் படிப்பு முடித்த என் தங்கை பத்தரை மணி விமானத்தில் பம்பாய் போய், அங்கிருந்து சீமைக்குப் போவதாக இருந்தாள். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து எட்டு மாதமாக அப்பா அவளோடு பேசவில்லை. அவள் வந்து நின்றால் எழுந்து வெளியே போய்விடுவார். கடைசியாக வந்தபோது அவள் வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்: "ஏர்போர்ட்டுக்கு நைனாவ இட்டுகினு வாண்ணா. பேசக்கூட வாணாம். வந்து நின்னா போதும்." உள்ளே அவருக்குக் கேட்டிருக்கும்.

அன்று விடியற்காலை நான் எழுந்தபோது அவர் குளித்து, ஓய்வு பெற்ற நாளில் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு, புத்தர் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். "வண்டி எத்தினி மணிக்கு?" என்றார். அவ்வளவுதான்.

பெட்டியில் ஏறியபோது ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. அதன் மேல் அந்த நீலக் கைக்குட்டை. சுற்றிலும் நான்கு பேர் துண்டை மடியில் விரித்துச் சீட்டுக் கலைக்க ஆரம்பித்திருந்தார்கள். கைக்குட்டைக்காரர் அவர்களில் ஒருவர்; தனக்கு வேறு இடம் கிடைத்த பிறகும் கைக்குட்டையை எடுக்கவில்லை. அப்பாவுக்கு நெஞ்சில் சுரங்கத்துத் தூசு. நூறு அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார்.

"உக்காரு நைனா," என்றேன்.

"ஆள் கீது," என்றார் கைக்குட்டைக்காரர், தலை நிமிராமல்.

"எங்க கீது?"

"மாலூர்ல ஏறுவாரு."

"மாலூர் வரைக்கும் வயசானவர் உக்காரட்டுமே."

"சார், நீங்களும் தெனம் வர்றவருதானே. தெரியாத மாதிரி கேக்கறீங்களே." பிறகு அப்பாவைப் பார்த்து, "பெரிசு, தப்பா நெனச்சிக்காத. துணி போட்டா போட்டதுதான்."

எனக்குக் கோபம் வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை மேலே பலகையில் மாட்டிவிட்டுப் போவான். வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று பொருள். அதை இன்னொருவன் தொடமாட்டான். அப்பா அந்தக் கைக்குட்டையை அப்படித்தான் பார்த்தார். "வுடுடா. ஆளு கீறான்றாங்க இல்ல," என்று மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மாலூரில் அந்த ஆள் ஏறவில்லை. ஆட்டக்காரர்கள் கைக்குட்டையை எடுக்கவும் இல்லை. கழித்த சீட்டுகளை அதன் மேல் அடுக்கினார்கள். அப்பா அதைப் பார்த்தபடியே நின்றார். ஒரு முறை நான் அவர் தோளைப் பிடித்து அமுக்கினேன். கையைத் தட்டிவிட்டார்.

மாலூர் தாண்டிப் பத்து நிமிடத்தில் வண்டி குலுங்கி நின்றது. வெட்டவெளி. கதவோரத்தில் இரண்டு சாக்கு மூட்டையோடு இருந்தவர் சங்கிலியைப் பிடித்து இழுத்திருந்தார். அவர் ஊர் எதிரே தெரிந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கினால் இரண்டு மைல் திரும்பி நடக்க வேண்டும். மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, தானும் இறங்கி, வரப்பில் ஏறியதும் எங்களைப் பார்த்துக் கை அசைத்தார். ஆட்டக்காரர் ஒருவர் ஜன்னல் வழியாகக் கத்தினார்: "அண்ணாத்தே, வூட்டாண்டயே வுட்டுட்டு வரச் சொல்லட்டுமா? சம்சாரத்துகிட்ட சொல்லி காப்பி போட சொல்லு!" பெட்டி முழுதும் சிரித்தது. கார்டு நடந்து வந்து, விசாரித்து, எழுதி, திரும்பிப் போக இருபத்திரண்டு நிமிடம். நோட்டில் குறித்தேன்.

கண்டோன்மென்ட் வந்தபோது ஒன்பது ஐந்து. விமான நிலையத்துக்கு அங்கே இறங்குவதுதான் கிட்டம். இறங்குகிறவர்கள் வாசலுக்கு வரும் முன்பே கீழே நின்ற கூட்டம் கைப்பிடிகளில் தொங்க ஆரம்பித்துவிட்டது. நான் பையை முன்னால் பிடித்து, தோளால் இடித்து, யாரோ ஒருவருடைய காலை மிதித்து இறங்கினேன். ஐந்து வருடத்தில் கற்றுக்கொண்டது அது. இறங்கித் திரும்பினால் அப்பா பின்னால் இல்லை.

வாசலிலேயே நின்றிருந்தார். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக்கூண்டை எங்கள் ஊரில் கேஜ் என்போம். கடைசிப் பதினோரு வருடம் அப்பாவுக்கு அந்தக் கேஜ் வாசலில் மணி அடிக்கும் வேலை. மேலே வந்தவர்கள் எல்லோரும் வெளியே வர வேண்டும். பிறகுதான் கீழே போகிறவர்கள் கால் வைக்கலாம். முந்தினவனை அவர் கையாலேயே தள்ளி நிறுத்தியிருக்கிறார். கூண்டு காலியாகும் வரை அவர் இடத்தை விட்டு அசையமாட்டார்.

கைக்குழந்தையும் தகரப்பெட்டியுமாக ஒரு பெண் இறங்க முடியாமல் உள்ளே தவித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையை வாசலுக்குக் குறுக்கே நீட்டியிருந்தார்.

"இருங்க, இருங்க. எறங்கறவங்க எறங்கட்டும். அப்புறம் நீங்க."

"யோவ், நீ இன்னா கலெக்டரா? கைய எடுய்யா."

"எறங்கட்டும்னு சொல்றேன் இல்ல."

அந்தப் பெண் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர் இறங்கினார். இன்னும் இருவர். "நைனா, எறங்கு!" என்று நான் கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார், உள்ளேயும் திரும்பிப் பார்த்தார். இன்னும் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பார்த்திருக்க வேண்டும். அதற்குள் வண்டி நகர்ந்தது. கீழே நின்ற கூட்டம் ஒரே அலையாக ஏறி அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனது. நீட்டிய கை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

வண்டியின் கடைசி நிறுத்தமான சிட்டி நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் வழியில் எதிரே வந்த இன்னொரு ஆட்டோவைப் பார்த்துவிட்டு நடுச்சாலையில் நிறுத்தினார். இருவரும் கன்னடத்தில் யாருடைய கல்யாணத்தையோ பற்றிப் பேசினார்கள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. "ஹோக்ரி, ஹோக்ரி," என்று இவர் பஸ்ஸைப் போகச் சொல்லி, இல்லாத வழியைக் கையால் காட்டினார். மூன்று நிமிடம்.

சுரங்கத்தில் இன்னொரு விதி உண்டு. வழி தவறினால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தேடுகிறவன் வந்து சேருவான். அப்பா சிட்டி நிலையத்தில் எந்த இடத்தில் இறங்கினாரோ அந்த இடத்திலேயே நின்றிருந்தார். வண்டி பணிமனைக்குப் போய்விட்டது. கூலிகள் தள்ளுவண்டியோடு அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் அவரைத் திட்டிக்கொண்டே போனார். மணி ஒன்பது நாற்பது.

"இன்னாத்துக்கு நைனா எறங்கல?"

"அவங்க எறங்கி முடியல."

"நீயும் எறங்க வேண்டிய ஆளுதானே?"

"நேரம் கீதா?" என்றார்.

டாக்ஸி எடுத்தோம். கண்டோன்மென்ட் கடைவீதியில் ஒரு பெரிய கறுப்புக் காரை அதன் சொந்தக்காரர் சாலைக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுத் துணிக்கடைக்குள் போயிருந்தார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. எங்கள் டிரைவர் இறங்கிப் போய்க் கடை வாசலில் கேட்டார். உள்ளிருந்து ஒரு குரல், பொறுமையாக, நிறம் பிடிக்கவில்லை, அடர்த்தியாக வேறு எடு என்று ஆங்கிலத்தில் சொல்வது சாலை வரை கேட்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அப்பா என் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்படிப்பட்டவர்களைப் பற்றி ஆசிரியருக்கு எழுதும் கடிதம் ஒன்றை மனதிலேயே முழுதாக எழுதி முடித்தேன். அதைத் தாளில் எழுதவே இல்லை.

விமான நிலையத்தில் நுழைந்தபோது பத்து நாற்பத்திரண்டு. கவுன்டரில் ஒருவர் மூன்று மாம்பழக் கூடைகளைத் தராசில் வைத்து, எடை பார்க்கிறவரோடு வாதாடிக்கொண்டிருந்தார். அவர் போக வேண்டியது மதியம் கிளம்பும் மதராஸ் விமானத்தில். ஆனாலும் எங்களைக் குறுக்கே விடவில்லை. "வரிசை, மிஸ்டர், வரிசை," என்றார். வரிசையில் அவரும் நாங்களும் மட்டும்தான். அவர் முடித்த பிறகு கேட்டோம்.

"பம்பாய் ஃபிளைட்டா? எல்லாரும் ஏறியாச்சு. ஆனா இன்னும் கெளம்பல. ஒரு பெரிய மனுசர் வரணும், அதுக்காக நிக்குது."

"எம் பொண்ணு உள்ள கீது," என்றார் அப்பா. "ஒரு நிமிசம் வரச் சொல்ல முடியுமா?"

"ஏறினப்புறம் எறக்க மாட்டாங்க, ஐயா. வேலியாண்ட போய் நில்லுங்க. அங்கிருந்து பாக்கலாம்."

வேலி இடுப்பளவு. விமானம் எண்பது கஜ தூரத்தில் வெயிலில் நின்றது. ஏணிப்படி இன்னும் வாசலோடு சேர்ந்தே இருந்தது. வழியனுப்ப வந்தவர்களில் பெரும்பாலோர் போய்விட்டிருந்தார்கள். அப்பா கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். வேலியைப் பிடிக்காமல் நேராக நின்றார்.

"எந்த ஜன்னலு?"

"தெரியல."

"நம்மள பாக்குமா?"

"பாக்கும்," என்றேன்.

வட்ட ஜன்னல்களில் வெயில் அடித்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஜன்னலில் ஏதோ வெள்ளையாக அசைந்தது. அது ஒரு கையாக இருக்கலாம், விசிறியாக மடித்த தாளாகவும் இருக்கலாம். உள்ளே புழுங்கியிருக்கும். அப்பா அந்த ஜன்னலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு சந்தேகம் வந்து, வாசலுக்குப் பக்கத்து ஜன்னலிலிருந்து வால் வரை ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று கை காட்டினார். கடைசி ஜன்னல் வந்ததும் இருமல் வந்துவிட்டது. அடங்கியதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எட்டு மாதம் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காத மனிதர். நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் அவளுக்காக அவரே வறுத்துப் பொட்டலம் கட்டிய வேர்க்கடலை இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோதுதான் பார்த்தேன்.

பதினொன்று பத்துக்கு அந்தப் பெரிய மனிதர் வந்தார். கழுத்தில் மாலை. அவசரம் இல்லாத நடை. ஏணியில் பாதி ஏறி நின்று, கீழே இருந்த ஒருவரிடம் ஏதோ ஞாபகம் வந்து பேசினார். அந்த ஆள் சிரித்தார். விமானத்துக்குள் அறுபது பேராவது காத்திருந்திருப்பார்கள். நான் நோட்டை எடுத்தேன்.

"இன்னா எழுதற?" என்றார் அப்பா.

"அந்த ஆளப் பத்தி. நாப்பது நிமிசம் எல்லாரையும் நிக்க வெச்சிட்டான்."

"நல்ல மனுசன்டா. அவன் லேட்டா வரலைன்னா நாம வெறும் தரையத்தான் பாத்திருப்போம்."

ஏணியை எடுத்தார்கள். விமானம் திரும்பியபோது தூசி பறந்து எங்கள் மேல் விழுந்தது. அப்பா கண்ணைத் துடைக்கவில்லை. அது மேலே ஏறி, சின்னதாகி, மேகத்துக்குள் போகும் வரை கை நெற்றியிலேயே இருந்தது. திரும்பும் வண்டியில் கூட்டம் இல்லை. எதிரெதிர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தோம். மாலூர் தாண்டியதும் அவர் ஒருமுறை, "பாத்திருக்கும்," என்றார். நான் தலையாட்டினேன்.

இருபத்து நான்காம் நாள் தங்கையின் முதல் கடிதம் வந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் இரண்டு முறை படித்துக் காட்டினேன். பெட்டியை எடை போட்டுக் கொடுத்த பிறகும், விமானம் ஏறக் கூப்பிடும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தாள். விமானம் வெகுநேரம் கிளம்பாமல் நின்றதாம். அவளுக்கு வலப்பக்கம் ஜன்னலோர இடம் கிடைத்ததாம். புல்வெளியும் ஒரு தண்ணீர் லாரியும் தெரிந்தனவாம்.

நாங்கள் நின்ற வேலி விமானத்தின் இடப்பக்கம் இருந்தது.