பாதி லாக் டேபிள்

பள்ளி முடிந்து சேர்ந்த பி.யு.சி.யில் கணக்குத் தேர்வு ஒரு முறை போய்விட்டது. ஏழு மதிப்பெண் குறைவு. செப்டம்பர் தேர்வுதான் கடைசி என்று அப்பா சொல்லிவிட்டார்.

"இதுவும் போச்சுன்னா பல்லாவரம் தோல் பதனிடுற ஷெட்டுல ஆள் கேக்கறாங்க. சேர்ந்துடு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ரயில் நேரம் சொல்வதைப் போலச் சொன்னார்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டுடோரியலில் சேர்ந்தேன். பதினான்கு பேர், நான்கு பெஞ்சு. என் லாக் டேபிள், அதாவது மடக்கை அட்டவணைப் புத்தகம், பழைய புத்தகக் கடையில் வாங்கியது. லாக்கிலிருந்து எண்ணைத் திரும்பக் கண்டுபிடிக்க உதவும் ஆன்ட்டி லாக் பக்கங்கள் இரண்டும் கிழிந்துபோயிருந்தன; வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

ஒரு நாள் சார் கரும்பலகையில் x + log x = 3 என்று எழுதினார். எப்படி மாற்றி எழுதினாலும் x தனியாக வராது. ஒன்று லாக்குக்குள் மாட்டிக்கொண்டிருக்கும்.

"ஒரு எண்ணை ஊகிச்சுப் போடுங்க. வர்றதைத் திரும்ப உள்ளே போடுங்க. எங்கே நிக்குதோ அதான் விடை" என்றார்.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் நண்பன் பக்கத்தில் இருந்தான். "இன்னா மச்சான், பாதி புக்க வெச்சிக்கினு முழுக் கணக்கு போடப்போறியா?"

இருவரும் 2.5-இல் தொடங்கினோம். அவன் மூன்றிலிருந்து x-ஐக் கழித்து, ஆன்ட்டி லாக் பார்த்தான். 3.162 வந்தது. அடுத்து 0.689. அதற்கடுத்து இருநூற்றைத் தாண்டிவிட்டது.

"பேஜாரா கீதுடா, ஓடிக்கினே போவுது!"

"சைக்கிள் இருக்கில்ல, துரத்து" என்றேன்.

சொல்லிவிட்டு என் தாளுக்குத் திரும்பினேன். என்னிடம் ஒரே வழிதான் இருந்தது: x-இன் லாக்கைப் பார்த்து மூன்றிலிருந்து கழிப்பது. 2.6021 வந்தது. அடுத்து 2.5847. ஏறியது, இறங்கியது, ஆனால் ஆட்டம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. 2.5875. 2.5870. 2.5872. மறுபடியும் 2.5872. நம்பாமல் இன்னொரு முறை போட்டேன். நகரவில்லை.

சார் என் தாளைப் பார்த்து, "ஆன்ட்டி லாக் வழியை ஏன் விட்டே?" என்றார்.

"பக்கம் இல்லை, சார்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நண்பனின் தாளை வாங்கி, அவன் எண்கள் ஏன் ஓடின, என்னுடையவை ஏன் நின்றன என்று புரியும்வரை எழுந்திருக்கவில்லை. லாக் வித்தியாசத்தைச் சுருக்கும். ஆன்ட்டி லாக் பெருக்கும். அவ்வளவுதான்.

செப்டம்பரில் பத்து மதிப்பெண்ணுக்கு அதே மாதிரி ஒரு கணக்கு வந்தது. தேர்வுக் கூடத்தில் கொடுத்த டேபிளில் எல்லாப் பக்கங்களும் இருந்தன. பின்னாலிருந்த ஆன்ட்டி லாக் பக்கங்களுக்கு நான் போகவேயில்லை. பத்து மதிப்பெண்ணும் எனக்கென்று எழுதி முடித்தேன். நான்காவது தசம இலக்கம் சரிதானா என்று மட்டும் முடிவு வரும்வரை கவலைப்பட்டேன்.

தேறிவிட்டேன் என்றதும், அப்பா தோல் ஷெட்டுக்கு வேறு ஆள் பார்த்துச் சொல்லக் கிளம்பினார்.