பதினெட்டாவது அடியில் ஒரு குடம்

பேய், குறி, வாக்கு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்களும் உதட்டைப் பிதுக்குவீர்கள். பிதுக்குங்கள், உங்கள் இடத்தில் நான் இருந்தால் வாய்விட்டே சிரித்திருப்பேன்.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிக் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. நிலத்துக்குள் கரண்டு விட்டு நீர் பார்க்கும் உத்தியோகம் எனக்கு. நாலு இரும்புக் கம்பியை வரிசையாக அடித்து, பாட்டரியை இணைத்து, மீட்டரில் முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் கீழே களிமண்ணா, மணலா, தண்ணீரா என்று கணக்குப் போட்டுவிடலாம். படித்தவன் செய்கிற வேலை. நீரோட்டம் பார்க்கிறேன் என்று உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு வயலைச் சுற்றிவருகிற கூட்டத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

கரியமாணிக்கம் கிராமத்தில் சேரிக்குக் குடிநீர்க் கிணறு வெட்ட இடம் பார்க்கப் போனேன். அந்த ஜனங்கள் வாய்க்கால் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள், அந்தக் கோடையில் வாந்திபேதியில் இரண்டு பிள்ளைகள் போயிருந்தன, அதில் ஒன்று அஞ்சலை என்பவளுடையது. மூன்று இடம் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கிளம்பும்போது அந்த அஞ்சலை வந்து பனைமரத்தடியைக் காட்டினாள்.

"அந்தாண்ட ஒருதபா பாருங்க சாமி. கனவுல எம்புள்ள அங்கதான் தண்ணி குடிச்சிது."

கனவாம்! வந்த எரிச்சலில் ஒரு கம்பிகூட அடிக்காமல் நோட்டில் கைக்கு வந்ததை எழுதினேன்: முப்பது அடி களிமண், அதற்குக் கீழே வெள்ளை மணல், நல்ல நீர். ஒரே ஒரு கிணற்றுக்குத்தான் அனுமதி, அது வறண்டால் மறுபடி வாய்க்கால்தான் என்று தெரிந்தே எழுதினேன். போதாததற்கு, "பதினெட்டாவது அடியில ஒரு பித்தளைக் குடம் இருக்கும், எடுத்துக்கோ" என்று நக்கல் வேறு. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இரண்டு மாதம் கழித்துப் போனால் பனைமரத்தடிக் கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது. முப்பது அடி களிமண், அப்புறம் வெள்ளை மணல், நான் எழுதியபடியே. குருட்டு அதிர்ஷ்டம் என்றேன். அப்போது அஞ்சலை இடுப்பில் ஒரு பித்தளைக் குடத்தோடு வந்தாள்.

"நீங்க சொன்ன அடியிலயே இருந்துச்சு சாமி. கெட்டிக் களிமண்ணுக்குள்ள."

குடத்தின் கழுத்தில் 'தனலட்சுமி' என்று பெயர் வெட்டியிருந்தது. என் அம்மா பெயர். அது போகட்டும், ஊருக்குப் பத்து தனலட்சுமி. விளிம்பில் ஒரு நசுங்கல் இருந்தது. பத்து வயதில் நான் கீழே போட்டு, அதற்காக முதுகு வீங்க அடி வாங்கிய நசுங்கல், எனக்கா தெரியாது? 

அன்றே பஸ் பிடித்துக் கடலூருக்கு ஓடினேன். அங்கே எங்கள் வீட்டில் அம்மாவின் குடம் அதே மூலையில், அதே பெயரோடு, அதே நசுங்கலோடு இருந்தது.

அம்மா போய்விட்டாள், அவள் குடம் இப்போது என்னிடம் இருக்கிறது. குழாய்த் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் நிரப்புகிறோம். காலையில் கவிழ்த்தால் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளை மணல். சரியாகக் கழுவத் துப்பில்லை என்று என் மனைவியைத் திட்டிப் பார்த்தேன். இப்போது நானேதான் புளி போட்டுத் தேய்க்கிறேன், இன்று காலையிலும் இருந்தது.