திங்கட்கிழமைக் கூட்டம் முடிந்த பிறகு

கூட்டம் முடிந்து இருபது நிமிடம் தாங்காது. முதலில் பாதுகாப்புக் கண்ணாடி நெற்றிக்கு ஏறும். பிறகு காதுமூடி கழுத்துக்கு இறங்கும். பத்து மணிக்குத் தேநீர் குடிக்க எல்லாரும் வெளியே வரும்போது, காலையில் தலையாட்டிக் கேட்ட பதினெட்டுப் பேரில் இரண்டோ மூன்றோ பேரின் முகத்தில்தான் ஏதாவது மிச்சம் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாடு விட்டு வந்த புதிதில் நாங்கள் பக்குரங்கா என்ற புறநகரில் வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்துப் பாட்டனி டவுன்ஸ் அப்போது பாதி வீடும் பாதி புல்வெளியுமாகக் கிடந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி, சமையலறை அலுமாரி செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவள், இங்கே முடிந்த அலுமாரிக் கதவுகளை அட்டையில் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு வெட்கம் இருக்கவில்லை. ஆனால் யாராவது என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டால் முதுகு தானாக நிமிரும்.

அந்தப் பலவீனத்தை மேற்பார்வையாளர் கண்டுபிடித்துவிட்டார். ஐம்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர், மரவேலையிலேயே வளர்ந்தவர், எப்போதும் உரத்துப் பேசுகிறவர். ஒரு நாள் என் மேசைக்கு வந்து, "நீ டீச்சராக இருந்தவள். திங்கட்கிழமைப் பாதுகாப்புக் கூட்டத்தை இனி நீ நடத்து. எல்லாரும் கண்ணாடியும் காதுமூடியும் மாஸ்க்கும் போடுகிறார்களா என்று பார்ப்பதும் உன் வேலை" என்றார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஞாயிறு முழுக்க இருந்து காதின் உட்புறத்தைப் பெரிய கடதாசியில் வரைந்தேன். கண்ணுக்கும் நுரையீரலுக்கும் தனித்தனிப் படம். மறுநாள் கூட்டத்தில் எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். முடிவில் கைகூடத் தட்டினார்கள். பத்து மணிக்குப் பார்த்தால் எல்லாம் பழையபடி கழுத்தில் தொங்கின.

பிறகு நான் மெசின்களுக்கிடையே நடக்கத் தொடங்கினேன். போகும் இடமெல்லாம் கண்ணாடி கண்ணுக்கு வரும். நான் திரும்பியதும் மேலே போகும். கொஞ்ச நாளில், நான் என் மேசையை விட்டு எழும்பினாலே யாரோ பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவது எனக்குக் கேட்டது. டீச்சர் வருகிறாள் என்பதற்கான அறிவிப்பு. ஒன்பது வருடம் வகுப்பறையில் நின்றவளுக்கு அது புரியாதா?

அன்று வீட்டுக்கு வந்து சோறு போடும்போது கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

"எவ்வளவு சொன்னாலும் கேக்கினமில்லை. அவையின்ர கண், அவையின்ர காது. எனக்கென்ன?"

அவர் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "ஏன் கழட்டுறியள் எண்டு ஆரிட்டையாவது கேட்டனீரோ?"

"அதில கேக்க என்ன இருக்கு? கவலையீனம்தான்."

"அவை பிள்ளையள் இல்லையப்பா. வீடு வாசல், குடும்பம் எண்டு இருக்கிற ஆக்கள். சும்மா ஒருத்தரும் கழட்டாயினம். ஒருக்காக் கேட்டுப் பாரும்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

மரம் அறுக்கும் பெரிய மெசினில் ஒரு பிஜி இந்தியர் நின்றார். அவருடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து பிஜியின் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். தாயிடம் கேட்ட கொஞ்சத் தமிழ் அவரிடம் இருந்தது. என்னிடம் மட்டும் அதை எடுத்துப் பேசுவார். கண்ணாடியை எல்லாருக்கும் முந்திக் கழற்றுகிறவரும் அவர்தான். மறுநாள் அவரிடம் போனேன்.

"அண்ணை, இதை ஏன் கழட்டுறீங்கள்? ஏச வரேல்லை. உண்மையாக் கேக்கிறன்."

அவர் மெசினை நிறுத்தினார். பிறகு தன் கண்ணாடியையும் காதுமூடியையும் கழற்றி என் கையில் தந்தார்.

"தங்கச்சி, நீ போடு. இங்கே என் பக்கத்திலே நில்லு. நான் பலகை அறுக்கிறேன், நீ கோடு பாத்துச் சொல்லு."

நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவள். அதற்கு மேல் அவருடைய கண்ணாடி, அதற்கு மேல் காதுமூடி. காதுமூடியின் பட்டை என் கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேலே எலும்போடு சேர்த்து அழுத்தியது. குளிர்காலம் வேறு. மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே ஆவி படிந்தது. பலகையில் பென்சில் கோடு ஒன்று இரண்டாகத் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. சுழலும் வாளுக்குப் பக்கத்தில் கோடு தெரியாமல் நிற்பது எனக்கு வெறுங்கண்ணோடு நிற்பதைவிடப் பயமாக இருந்தது. என்னையறியாமல் என் கை மேலே போய்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியது.

அவர் மெசினை நிறுத்திவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"பதினோரு நிமிசம், டீச்சர்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுவரை நான் அந்தக் காதுமூடியை ஐந்து நிமிடம்கூடச் சேர்ந்தாற்போல் போட்டதில்லை என்பதை அவர்களுக்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டேன். நான் கதவு சுற்றும் பொதி மேசையில் சத்தம் குறைவு என்று எனக்கு அதைத் தந்ததே இல்லை.

அதற்குப் பிறகுதான் வாய்கள் திறந்தன. பலகைக்கு மினுக்கம் ஏற்றும் சமோவாப் பெண் தன் அடர்ந்த கொண்டைக்கு மேல் எந்தக் காதுமூடியும் பொருந்தாது என்று காட்டினாள். மாஸ்க் எல்லாம் ஒரே அளவு. சின்ன முகங்களில் பக்கவாட்டால் தூள் உள்ளே போனது. ஒருவருடைய காதுமூடியில் பஞ்சு பிய்ந்து மூன்று மாதம். புதிது வேண்டுமென்றால் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அங்கே "அதற்குள்ளேயா?" என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து டேப் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் எழுதி மேற்பார்வையாளரிடம் கொண்டுபோனேன். அவரும் எதுவும் போடுவதில்லை என்பதைக் கடைசி வரியில் எழுதியிருந்தேன். அதை நேரே சொல்வதற்கு வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன்.

"எல்லாரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் போட்டால் அவர்களும் போடுவார்கள்" என்றேன்.

"என்ன?" என்றார்.

திருப்பிச் சொன்னேன்.

"என்ன?"

மெசின்கள் ஓடாத சாப்பாட்டு நேரம் அது. அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் தடவை சொல்ல வாய் திறந்தவள் அப்படியே நின்றேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் எப்போதும் உரத்துப் பேசுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் விளங்கிக்கொண்டதை அவரும் கண்டுகொண்டார். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக் கடைசி வரிவரை வாசித்தார்.

"வீட்டில் மனைவியும் இதைத்தான் சொல்கிறாள். டிவியை நான் வைக்கும் சத்தத்தில் அவள் அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்" என்றார். பிறகு அந்தக் காகிதத்தோடு முதலாளியின் அறைக்குப் போனார்.

அடுத்த வாரம், பாதுகாப்புச் சாமான் விற்கும் கம்பனியிலிருந்து ஒருவர் பெட்டி பெட்டியாக மாதிரிகள் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினார். எல்லாரும் போட்டுப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் கேலி செய்தார்கள். சமோவாப் பெண்ணுக்குப் பட்டை கழுத்துக்குப் பின்னால் போகும் காதுமூடி கிடைத்தது. அண்ணை நான்கு விதக் கண்ணாடியை மாறி மாறி மெசினில் போட்டுப் பார்த்து, ஆவி படியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் காம்பில் மார்க்கரால் தன் பெயரை எழுதினார். உதிரிகள் அலுவலகத்து அலுமாரியை விட்டு மெசின்களுக்குப் பக்கத்துச் சுவருக்கு வந்தன. திங்கட்கிழமைகளில் நான் படம் வரைவதை விட்டேன். "இந்த வாரம் எது உறுத்துது?" என்று மட்டும் கேட்பேன். உறுத்தியதை அங்கேயே மாற்றிக் கொடுப்போம். மேற்பார்வையாளர் காதுமூடியோடுதான் கூட்டத்துக்கு வருவார்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மறப்பவர்கள் மறந்தார்கள். ஆனால் பக்கத்தில் நிற்பவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினால் போதும், கண்ணாடி இறங்கும். நான் நடந்து திரியத் தேவையில்லாமல் போயிற்று.

கோடை தொடங்கிய சமயம், ஒரு நாள் முற்பகல், முதலாளி இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கோட்டு, டை. பெரிய கட்டடம் ஒன்றுக்கு அலுமாரி எடுக்கப்போகிறவர்கள் என்று பேச்சு. மூவருடைய முகத்திலும் ஒன்றும் இல்லை. சிரித்துப் பேசிக்கொண்டே தரையிலிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி அறுக்கும் மெசினுக்குக் கிட்டப் போனார்கள்.

அண்ணை சிவப்புப் பொத்தானை அமுக்கினார். வாள் ஓலமிட்டு அடங்கியது. அந்தச் சத்தம் நின்றதும் மற்ற மெசின்காரர்களும் திரும்பிப் பார்த்து நிறுத்தினார்கள். கடைசியில் முழுத் தொழிற்சாலையும் அடங்கிவிட்டது.

"என்ன, பழுதா?" என்று கேட்டார் முதலாளி.

"பழுது இல்லை சார்." அண்ணை சுவர்ப்பெட்டியிலிருந்து மூன்று கண்ணாடியும் மூன்று காதுமூடியும் எடுத்து நீட்டினார். "கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தால் இதைப் போட வேண்டும். போட்டபிறகு ஓட்டுகிறேன்."

நான் ஒட்டிக்கொண்டிருந்த டேப்பைப் பாதியில் விட்டேன். மூன்று பிள்ளைகளும் வீட்டுக் கடனும் உள்ள மனிதர் அண்ணை. முதலாளியின் கழுத்து சிவந்தது. அப்போது மேற்பார்வையாளர் நடந்துவந்து, அண்ணைக்குப் பக்கத்தில் நின்றார். சமோவாப் பெண்ணும் வந்தாள்.

முதலாளி கண்ணாடியை வாங்கிப் போட்டார். "நல்லது. என் ஆட்கள் இப்படித்தான்" என்று விருந்தினர்களிடம் சொன்னார். அவர்களும் போட்டார்கள். வாள் மறுபடி ஓடத் தொடங்கியது.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணை என் மேசைக்கு வந்தார்.

"பாரு தங்கச்சி, வேலை போச்சுன்னுதான் நினைச்சேன்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சன் அண்ணை" என்றேன்.

அன்று பஸ்ஸில் இருக்க இடமில்லாமல் நின்றுதான் வந்தேன், களைப்பே தெரியவில்லை. பட்டம் பெற்ற நாளில்கூட நான் அப்படி வீடு திரும்பியதில்லை.

ஒன்றரை வருடம் கழித்து எல்லர்ஸ்லியில் ஓர் ஆய்வுகூட வேலைக்கு நேர்முகத் தேர்வு. நீங்கள் செய்ததில் எதை நினைத்துப் பெருமைப்படுகிறீர்கள் என்று கேட்டார்கள். ஊரில் என் மாணவர்கள் எடுத்த மதிப்பெண்களைச் சொல்லத்தான் தயார்செய்து போயிருந்தேன். வாயில் வந்ததோ மரம் அறுக்கும் மெசின். பதினோரு நிமிடத்தில் நான் கண்ணாடியைக் கழற்றியதையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, "பிறகு அந்த மனிதருக்கு வேலை போகவில்லையே?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். "இப்போது திங்கட்கிழமைக் கூட்டத்தை நடத்துவது அவர்தான்."