சட்டைக்கு மட்டும் எடுத்த அளவு

மன்னார்குடி தாண்டி ஒரு மதகின் மேல் பைக்கை நிறுத்தியிருக்கிறேன். மதகின் பலகைக்கு அடியில் மரம் ஒன்று சிக்கி, கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை. அதை எடுக்க முங்கப்போகிறவர் முருகையன். குச்சியான ஆள். முதுகில் காற்றுச் சிலிண்டரோடு அவர் மாட்டியிருக்கும் மிதவை ஜாக்கெட்டோ இரண்டு பேரைக் கொள்ளும்.

கடலில் ஸ்கூபா டைவிங் பழகும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. தோள்பட்டியைப் பிடித்துத் தூக்குகிறேன். ஜாக்கெட் காதுவரை ஏறுகிறது. தண்ணீருக்குள் போய், மேலே வருவதற்காக இதில் காற்றடைத்தால் ஜாக்கெட் மட்டும் மேலே வரும், இவர் நழுவிவிடுவார்.

"உங்க அளவு கேக்கலையாண்ணே?"

"கேட்டாங்களே தங்கச்சி! அரசாங்கத் திட்டத்துல மேடையில வச்சு இதைக் குடுத்தப்போ எல்லாரும் ஒரே மாதிரி நிக்கணும்னு, டெய்லரே வந்து வெள்ளைச் சட்டைக்கு அளவெடுத்தாரு. சட்டை அம்சமா இருக்கு. இது மட்டும் வந்தது வந்தபடி."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போட்டோவுக்குப் போடும் சட்டைக்கு அளவு நாடா பிடித்தவர்கள், உயிரைக் காக்கும் ஜாக்கெட்டுக்குப் பிடிக்கவில்லை!

பக்கத்தில் நிற்கும் அதிகாரியிடம் பாய்கிறேன். "இதோட இவரை இறக்குறது கொலை சார்."

"போடாம இறக்க ரூல்ஸ்ல இடமில்லம்மா."

பைக்கில் கட்டியிருந்த என் ஜாக்கெட்டை அவிழ்த்து, சிலிண்டரை அதில் மாற்றி, முருகையனுக்கு மாட்டுகிறேன். முழுக்கக் காற்றடைத்து மூச்சை இழுத்துவிடச் சொல்கிறேன். நெஞ்சை நெருக்கவில்லை. தூக்கினாலும் ஏறவில்லை.

அதிகாரி சுற்றிவந்து முதுகைப் பார்க்கிறார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல திட்டத்தோட முத்திரை இல்லையே?"

"முத்திரையை நீங்க புடிச்சிட்டு மேல நில்லுங்க சார்" என்று பெரிய ஜாக்கெட்டை அவர் கையில் திணித்துவிட்டு, முருகையன் தண்ணீருக்குள் இறங்குகிறார்.